மீதி வரக் கூடாது

கோரைவாய்க்கால் கிராமத்தில் வகுத்தல் கிடையாது. மின்சாரம் உண்டு, ரேஷன் கடை உண்டு, நான்கு கட்சிகளின் கொடிக்கம்பங்கள் உண்டு, செல்போன் கோபுரம்கூட ஒன்று வந்துவிட்டது. வகுத்தல் மட்டும் வரவில்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல் மூன்றையும் வைத்தே அந்த ஊர் இத்தனை காலம் குடும்பம் நடத்தி வந்திருக்கிறது.

இதில் யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் வகுத்தல் பாடம் ஐப்பசி மாதம் வரும். ஐப்பசியில் மழையும் வரும். மழை வலுத்தால் பள்ளிக்கு விடுமுறை விடுவார்கள். விடுமுறை விட்டதும் பள்ளிக்கூடம் நிவாரண முகாம் ஆகிவிடும்; பள்ளத் தெருக் குடும்பங்கள் பாய், பானை, ஆடு, கோழியோடு ஐந்தாம் வகுப்பில் வந்து குடியேறுவார்கள். தண்ணீர் வடிந்து, முகாம் கலைந்து, ஆட்டுப் புழுக்கையைக் கூட்டித் தள்ளிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால் பாடத்திட்டம் பின்னத்துக்குப் போயிருக்கும். கோட்டுக்கு மேலே ஓர் எண்ணும் கீழே ஓர் எண்ணும் குடியிருந்தால் அது மாடி வீடு என்கிற அளவில் பிள்ளைகள் பின்னத்தைப் புரிந்துகொண்டார்கள்.

ஆறாம் வகுப்புக்கு டவுன் பள்ளிக்கூடம் போக வேண்டும். அங்கே கணக்கு வாத்தியார் ஒரு பையனை எழுப்பி வகுத்தல் கணக்குக் கொடுப்பார். அவன் விழிப்பான். "எந்த ஊரு?" என்பார். "கோரைவாய்க்கால் சார்." "சரி, உக்காரு." அதற்கப்புறம் வருடக் கடைசி வரைக்கும் அவனை யாரும் எழுப்ப மாட்டார்கள்.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர் அண்ணாதுரை ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. அவரும் பர்வின் டீச்சருமாக இரண்டே பேர் நடத்துகிற பள்ளிக்கூடம் அது. ஆடி மாதக் கடைசியில் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அம்சவல்லி அவரைப் பார்க்க வந்தாள். அம்சவல்லி நடவுக் கூட்டத்தின் தலைவியும்கூட. அவள் "இறங்குங்கடி" என்றால் இருபது பெண்கள் வயலில் இறங்குவார்கள். அப்படிப்பட்டவள் தலைமையாசிரியர் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"சார், நான் ஆறாவதுல ஒரு வருசம் முழுக்க கணக்குப் பீரியட்ல எந்திரிக்கவே இல்ல. ஒக்காந்தே இருந்தேன். ஏழாவதுக்குப் போகல. எம்பொண்ணு செம்மொழி அங்க போயி எந்திரிச்சு நிக்கணும் சார். அந்தக் கணக்க மட்டும் மழைக்கு முன்னாடி சொல்லிக் குடுத்துடுங்க."

அண்ணாதுரைக்குச் சுரீரென்றது. முப்பது வருடமாக மழையைக் காரணம் சொல்லிவந்த வாய் அது. ஆவணி முதல் தேதியே வகுத்தலைத் தொடங்கிவிடுவது, ஐந்தாம் வகுப்பில் இருக்கிற பதினோரு பிள்ளைகளையும் மழைக்கு முன் கரையேற்றிவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தார். ஆவணி ஒன்றாம் தேதி காலை புதுச் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் வைத்தார். அப்போது பர்வின் டீச்சர் செல்போனோடு ஓடி வந்தார்.

"சார், சர்க்குலர் வந்துருக்கு. இனிமே எல்லாப் பாடத்தையும் செஸ் வச்சுத்தான் நடத்தணுமாம்."

"எந்தப் பாடத்த டீச்சர்?"

"எல்லாப் பாடத்தையும் சார். கரும்பலகைல எழுதக் கூடாதாம்."

அனுப்பியது விளையாட்டுவழிக் கற்பித்தல் ஆணையம். திட்டத்தின் பெயர், 'அறுபத்து நான்கு கட்டம், அனைத்துப் பாடம்'. சதுரங்கம் மூளையை வளர்க்கும், ஆகவே மூளை வளர்வதற்குச் சதுரங்கம் போதும் என்று சுற்றறிக்கை தொடங்கியது. பாடம் என்கிற சொல் அதற்குப் பிறகு எங்கேயும் வரவில்லை.

தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஐந்து நாள் பயிற்சி. பயிற்றுநர் ஃபாஜில் என்கிற இளைஞர். நல்ல மாதிரி, கழுத்தில் மூன்று அடையாள அட்டை தொங்கியது. முதல் நாள் முழுவதும் பெட்டியை எப்படித் திறப்பது என்று சொல்லித்தந்தார். இரண்டாம் நாள் எப்படி மூடுவது. மூன்றாம் நாள் ஒரு வயதான ஆசிரியர் பொறுக்க முடியாமல், "தம்பி, நீங்க எத்தன வருசமா செஸ் ஆடுறீங்க?" என்று கேட்டார்.

"நான் ஆடுனதில்லீங்க ஐயா," என்றார் ஃபாஜில் பணிவாக. "செஸ் வழியா கத்துக்குடுக்குறவங்களுக்குக் கத்துக்குடுக்குறதுக்குக் கத்துக்குடுத்தவங்ககிட்ட நான் கத்துக்கிட்டவன்."

மண்டபத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். எதற்குத் தட்டினோம் என்று அண்ணாதுரைக்கு இன்று வரைக்கும் தெரியாது.

நான்காம் நாள், ஆசிரியர்களே காய்களாக மாறி அனுபவிக்க வேண்டும் என்றார்கள். பர்வின் டீச்சர் மந்திரி. மூலைவாட்டில் மட்டும்தான் நடக்கலாம். பாயசம் எந்தப் பக்கம் நடந்தாலும் சிக்காத கட்டத்தில் இருந்தது. அண்ணாதுரை சிப்பாய். ஒரு தடவைக்கு ஓர் அடி, முன்னால் மட்டும். சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார். சாப்பிட்டு எழுந்த பிறகுதான் கை கழுவும் இடம் பின்னால் இருப்பது தெரிந்தது. சிப்பாய் பின்வாங்குவதில்லை. எச்சில் கையோடு சுவரைப் பார்த்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றார்.

ஐந்தாம் நாள் பாடம் வந்தது. தமிழுக்கு: அரசரும் அரசியும் உயிரெழுத்து, சிப்பாய்கள் மெய்யெழுத்து, கோணலாகப் பாய்கிற குதிரை ஆய்தம். அறிவியலுக்கு: சிப்பாய் எட்டாம் கட்டம் போய் அரசியாவதுபோலத்தான் புழு பட்டாம்பூச்சி ஆகிறது. கணக்குக்கு: காயை வெட்டினால் கழித்தல், காய்களைச் சேர்த்தால் கூட்டல், எட்டு வரிசையில் எட்டுக் கட்டம் பெருக்கல்.

அண்ணாதுரை எழுந்தார். "வகுத்தல் எப்படிங்க நடத்துறது?"

ஃபாஜில் கையேட்டைப் புரட்டினார். எண்பத்தெட்டாம் பக்கத்தில் விடை இருந்தது. உரக்கப் படித்தார்: "சதுரங்கத்தில் வகுத்தல் இல்லை. சதுரங்கத்தில் இல்லாத ஒன்று வாழ்க்கைக்கும் தேவைப்படாது என ஆணையம் கருதுகிறது."

அண்ணாதுரை உட்கார்ந்தார். மண்டபத்தில் வேறு யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவர்கள் ஊரில் ஏற்கனவே வகுத்தல் இருந்தது.

பலகைகளும் காய்களும் பள்ளிக்கு வந்து சேர்ந்தன. பதினோரு பிள்ளைகளும் ஒரு பலகையைச் சுற்றிக் குந்தினார்கள். ஆட வேண்டிய முறையை அண்ணாதுரை சொன்னார். பிள்ளைகள் காய்களை எடுத்து வைத்தார்கள். ஒரு காய்கூடக் கட்டத்துக்குள் இல்லை. முப்பத்திரண்டு காய்களும் கோட்டின் மேலேயே நின்றன.

"ஏம்ப்பா, கட்டத்துக்குள்ள வைக்கணும்."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செம்மொழிதான் பேசினாள். "நட்ட வயல்ல எப்படி சார் இறங்குறது? வரப்புலதான நிக்கணும்?"

அண்ணாதுரை குனிந்து பலகையைப் பார்த்தார். அறுபத்து நான்கு வயல்கள். சுற்றிலும் வரப்பு. அவருக்கே அதற்கப்புறம் அது வேறு எதுவாகவும் தெரியவில்லை.

"யானைய உள்ள எறக்குனா என்னா ஆகும் சார்?" என்றான் ஹம்தான். அவன் அப்பா ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார், நிலம் கிடையாது. இருந்தாலும் வயல் விஷயத்தில் அவன்தான் ரொம்பக் கறார். "குதிரைய எறக்குனா பவுண்டுல அடைச்சிடுவாங்க. அப்பறம் நம்மதான் போயி மீட்டுக்கிட்டு வரணும்."

ஆக, ஆட்டம் வரப்பிலேயே நடந்தது. எதிரும் புதிருமாக இரண்டு காய் ஒரே வரப்பில் வந்துவிட்டால் வெட்டிக்கொள்ளவில்லை. வரப்பில் இரண்டு பேர் எதிர்ப்பட்டால் வெட்டிக்கொள்வது வழக்கமா என்ன? தலைச்சுமையோடு வருகிறவருக்கு வெறுங்கையோடு வருகிறவர் ஒதுங்கி வழிவிட வேண்டும். யானை அம்பாரி சுமக்கிறது. குதிரை வீரனைச் சுமக்கிறது. சிப்பாய் வேல் சுமக்கிறான். மந்திரி?

"மந்திரி என்னா சார் சுமக்குறாரு?"

"ஒண்ணுமில்லப்பா."

"அப்ப அவரு எல்லாருக்கும் ஒதுங்கட்டும்."

அரசரிடம் வந்து ஆட்டம் நின்றுவிட்டது. கிரீடம் தலைச்சுமையா இல்லையா என்று பிள்ளைகள் இரண்டு நாள் அடித்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் சத்துணவு ருசி பார்க்க வந்த அம்சவல்லியிடம் வழக்கு போனது. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள்: "எப்படா எறக்கி வைப்போம்னு இருந்தா அது சுமை. கிரீடத்த எவன் எறக்கி வச்சான்? ராசாவ ஒதுங்கச் சொல்லுங்க."

ஆட்டத்தில் யாரும் சாகவில்லை, யாரும் ஜெயிக்கவில்லை, ஆட்டம் முடியவும் இல்லை. அண்ணாதுரை தினமும் நாட்காட்டியைப் பார்த்தார். ஆவணி முடிந்து புரட்டாசி பிறந்துவிட்டது. இன்னும் ஒரு கணக்குக்கூட ஆரம்பிக்கவில்லை.

தினமும் ஆட்டத்தைப் படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போட வேண்டும் என்பது ஆணை. பர்வின் டீச்சர் வெள்ளை மனசோடு போட்டார். மறுநாளே இரண்டு கடிதம் வந்தது. இரண்டும் ஒரே ஆணையம், ஒரே தேதி. காய்களைக் கோட்டின் மேல் நிறுத்திச் சதுரங்கத்தை அவமதித்தது ஏன் என்று விளக்கம் கேட்டது ஒன்று. காய்களைக் கோட்டின் மேல் நிறுத்திப் புதிய கல்விப் புரட்சிக்கு வித்திட்டதைப் பாராட்டியது மற்றொன்று. பதற்றத்தில் அண்ணாதுரை பாராட்டுக்கு மன்னிப்புக் கேட்டும் விளக்கத்துக்கு நன்றி சொல்லியும் பதில் அனுப்பிவிட்டார். இரண்டும் ஏற்கப்பட்டன.

அடுத்த வாரம் ஆணையத்தின் ஒருங்கிணைப்பாளர் முனைவர் பரிதி நேரில் வந்தார். வெள்ளைச் சட்டை, ஒரு நாளும் வியர்க்காத முகம். வரப்பாட்டத்தைப் பார்த்தவர் கண்ணை மூடிக்கொண்டு பேசினார்.

"நாங்கள் இரண்டு வருடமாகக் கட்டத்துக்குள் சிந்தித்தோம். இந்தக் குழந்தைகள் கோட்டில் சிந்திக்கிறார்கள். இந்தத் திட்டத்தால் என்ன பயன் என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. பயன் என்ன என்பது திட்டம் முடிந்த பிறகு தெரியும். அதனால்தான் நாங்கள் எந்தத் திட்டத்தையும் முடிப்பதில்லை."

சொல்லிவிட்டு ஈரமான கண்ணைத் துடைத்தார். மாவட்டம் முழுவதற்கும் 'டெல்டா முறை' அறிவிக்கப்பட்டது. வரப்பின் அகலம் ஒன்றரை அங்குலம் வருகிற மாதிரி புதுப் பலகை அடிக்கச் சொன்னார்கள். தஞ்சாவூர் நகரத்துக்குள் இருக்கிற பள்ளிகளில் வயலே பார்த்திராத பிள்ளைகளுக்கு வரப்பில் ஒதுங்கி நிற்க மூன்று நாள் பயிற்சி நடந்தது. அதற்கும் ஃபாஜில்தான் போனார்.

"இதே மாதிரி உள்ளூர் நகர்வுகள் வேற ஏதாவது இருந்தா எழுதி அனுப்புங்க," என்று புறப்படும்போது பரிதி சொன்னார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அண்ணாதுரை ஒரு கடிதத்தை மனசுக்குள் எழுதி எழுதி அழித்தார். ஐம்பத்தெட்டு வயதில் முதல் முறையாக அரசாங்கத்தை ஏமாற்றத் துணிந்தார். மறுநாள் ஆணையத்துக்கு இப்படி எழுதினார்: 'எங்கள் பகுதியில் சமப் படைப் பரவல் என்றொரு தொன்மையான நகர்வு வழக்கில் உள்ளது. குறிப்பிட்ட எண்ணிக்கையிலான சிப்பாய்களைக் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான வயல்களில் சமமாக இறக்குவது இதன் சாரம்.'

நாலே நாளில் அனுமதி வந்தது. தொன்மையான என்கிற சொல்லின் கீழ் யாரோ இரண்டு முறை கோடு போட்டிருந்தார்கள்.

கதவைச் சாத்திக்கொண்டு, பலகையில் சிப்பாய்களை இறக்கி, பதினோரு பிள்ளைகளும் வகுத்தல் படித்தார்கள். பதினாறு சிப்பாயை நான்கு வயலில் இறக்கினால் வயலுக்கு நான்கு. பதினேழு என்றால்? ஒருத்தன் வரப்பிலேயே நிற்பான். அவனுக்கு மீதி என்று பெயர். ஆள் பஞ்சத்துக்குப் புளியங்கொட்டை வந்தது, ஹம்தான் கடையிலிருந்து பட்டாணி வந்தது. இருபது நாளில் செம்மொழி காகிதத்திலேயே போட ஆரம்பித்துவிட்டாள். அவளுடைய நோட்டை அம்சவல்லி வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள், நேராகப் பிடித்துப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு நடவுக்குப் போய்விட்டாள். அண்ணாதுரைக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷம்தான்.

ஐப்பசி பிறந்ததும் ஆணையத்திலிருந்து திருத்தம் ஒன்று வந்தது. சமப் படைப் பரவலில் மீதி ஏற்படுவதாகத் தெரியவருகிறது. எந்தக் குழந்தையும் விடுபடக் கூடாது என்பது ஆணையத்தின் கொள்கை. ஆகவே மீதி வரும் கணக்குகள் உடனடியாக நீக்கப்படுகின்றன. இனி எல்லா எண்களும் எல்லா எண்களாலும் சமமாகப் பிரிய வேண்டும்.

"எண்ணுங்ககிட்ட இத யாரு சார் சொல்றது?" என்று பர்வின் டீச்சர் கேட்டார்.

அண்ணாதுரை அந்தக் கடிதத்தை மடித்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, மீதி வருகிற கணக்காகவே நடத்தினார்.

ஐப்பசி இருபதாம் தேதி பள்ளியில் ஆணையத்தின் செயல்விளக்க விழா. மூன்று நாளாக விடாத மழை. விழாவைத் தள்ளி வைக்கலாமா என்று கேட்டதற்கு, விழாத் தேதியை ஆணையம் நிர்ணயித்துவிட்டதாகவும் மழைத் தேதியை யாரும் நிர்ணயிக்கவில்லை என்றும் பதில் வந்தது. பரிதியோடு சேர்த்துப் பதினேழு பேர் வந்தார்கள். வண்டிகளைப் பாலத்தில் நிறுத்திவிட்டு, கணுக்கால் தண்ணீரில் பேண்டைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தார்கள்.

ஆணையம் அச்சடித்துக் கொடுத்த கேள்விகளுக்கெல்லாம் செம்மொழி விடை சொன்னாள். பதினாறை நான்காலும், எட்டை இரண்டாலும். கைதட்டல். பரிதிக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த ஹம்தானின் நோட்டை எடுத்துப் பிரித்தார். முகத்தில் முதல் முறையாக வியர்த்தது.

"இருபத்து மூன்றை ஐந்தால் வகுக்க," என்று வாசித்தார். "ஈவு நான்கு. மீதி... மீதி மூன்று!" நோட்டை உயர்த்திக் காட்டினார். "தலைமையாசிரியரே, அந்த மூன்று பேரும் எங்கே?"

"எந்த மூணு பேருங்க?"

"வெளியே நிறுத்தியிருக்கிறீர்களே, அந்த மூன்று பேர்! என்னுடைய பத்து வருடப் பணியில் ஒரு மீதிகூட வந்ததில்லை. வந்தால் அதை அறிக்கையில் சேர்க்க மாட்டோம். அப்படித்தான் இந்த மாநிலத்தில் யாரும் விடுபடாமல் பார்த்துக்கொண்டு வருகிறோம்!"

அங்கேயே பதினேழு பி குறிப்பாணை எழுதப்பட்டது. பதினேழு பி என்றால் அரசு ஊழியர் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கிற குற்றச்சாட்டு. ஓய்வூதியத்தையே காலி செய்கிற காகிதம் அது. அண்ணாதுரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூலையில் நின்ற அம்சவல்லி ஆத்திரத்தில் முந்தானையை இழுத்துச் செருகினாள். அலுவலக முத்திரை வண்டியில் இருந்ததால், பாலத்துக்குப் போய்க் குத்திக்கொள்ளலாம் என்று காகிதத்தைப் பரிதி சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்து பார்த்தால் பாதையைக் காணோம். வாய்க்கால் உடைந்து, பள்ளிக்கும் பாலத்துக்கும் நடுவே இடுப்பளவு தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது. வருடா வருடம் இந்த நேரத்துக்கு முத்துப்பேட்டையிலிருந்து ஃபைபர் படகை வேனில் ஏற்றிக்கொண்டு வருகிற சித்தீக் பாய், பள்ளத் தெருக்காரர்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார்.

"திரும்பிப் போறப்ப காலியாத்தான் போறேன், ஏறிக்கங்க. ஒரு டிரிப்புக்கு நாலு பேரு, அதுக்கு மேல ஏத்த மாட்டேன். இருட்டுறதுக்குள்ள நாலு டிரிப்புதான் போக முடியும். நீங்க எத்தன பேரு?"

பதினேழு பேர். ஆணையத்தார் செல்போனை எடுத்துத் தட்டினார்கள். எல்லார் போனும் ஒரே விடையைச் சொன்னது: நான்கு புள்ளி இரண்டு ஐந்து.

"அந்தப் புள்ளி இரண்டு ஐந்து ரொம்பச் சின்னதுதான் ஐயா," என்றார் ஓர் அதிகாரி. "யார் மடியிலயாவது வச்சுக்கலாம்."

"நாலு டிரிப்பு," என்றாள் செம்மொழி. யாரும் அவளைக் கேட்கவில்லை. "மீதி ஒருத்தர் சார்."

பரிதி அவளை முறைத்தார். ஆணையத்தில் மீதி கிடையாது. ஆகவே அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் பதினாறு பேருக்கும் ஒரே நேரத்தில் மரபு ஞாபகம் வந்துவிட்டது. ஐயா பாலத்தில் இறங்கும்போது குடை பிடிக்க நால்வர் முன்னால் போய் நிற்க வேண்டும் என்று முதல் படகு போனது. வண்டிக் கதவைத் திறந்து வைக்க இரண்டாவது. சால்வை போர்த்தி வரவேற்க மூன்றாவது. நான்காவது படகில் புகைப்படக்காரரும் மூன்று ஓட்டுநர்களும் ஏறி உட்கார்ந்த பிறகு இடம் இல்லை. ஏறுவதற்கு முன்னால் புகைப்படக்காரர் ஒரு படிவத்தை நீட்டினார்: 'குழுவினர் பதினேழு பேரும் பாதுகாப்பாகத் திரும்பினர். விடுபட்டவர் எவருமில்லை.' எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிற வழக்கத்தில் பரிதி போட்டுக்கொடுத்தார். படகு போய்விட்டது.

ஆறு மணிக்கு அவர் அலுவலகத்துக்குப் போன் செய்தார். முகாமில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினார், இரைச்சல் அப்படி.

"நான் பரிதி பேசறேன்... இங்க மாட்டிக்கிட்டேன்... கோரைவாய்க்கால்ல... வேற படகு அனுப்புங்க... என்னது? வந்துட்டேனா? நான் எங்கய்யா வந்தேன்?... கையெழுத்து நான்தான் போட்டேன், அதுக்காக...? நீங்க யாருன்னா? யோவ்!"

போன் வைக்கப்பட்டது. திரும்பி வந்துவிட்டதாகக் கையெழுத்துப் போட்ட அதிகாரியின் பெயரைச் சொல்லி யாரோ வெள்ளத்தில் குறும்பு செய்வதாக அலுவலகத்தில் பதிவு செய்துகொண்டார்கள். காகிதப்படி முனைவர் பரிதி தஞ்சாவூரில் இருந்தார். அவருக்குப் படகு அனுப்ப எந்த விதியிலும் இடமில்லை.

முகாமில் அவருக்கு ஒரு பாய் கொடுத்தார்கள். அம்சவல்லி சாம்பார் சாதம் கொண்டுவந்து வைத்தாள். "சாப்புடுங்க சார். இங்க யாரையும் விட்டுட்டுச் சாப்புடுற பழக்கம் இல்ல," என்றாள். குத்திக் காட்டத்தான் சொன்னாள். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார், இன்னொரு கரண்டியும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் விடுமுறை. விடுமுறை நாளில் எந்தத் திட்டமும் செல்லாது. பிள்ளைகளோ பள்ளிக்கூடத்திலேயே குடியிருக்கிறார்கள். இந்த முப்பது வருடத்தில் இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று அண்ணாதுரைக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆடுகளை ஒரு பக்கம் ஒதுக்கிக் கட்டிவிட்டு, சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் வகுத்தலை எழுதினார். பதினோரு பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். அம்சவல்லியும் நடவுக் கூட்டத்துப் பெண்கள் சிலரும் பின்னால் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், கசங்கிய வெள்ளைச் சட்டையில், போக வேறு இடமில்லாமல் பரிதியும் உட்கார்ந்தார்.

"யாராவது வந்து ஒரு கணக்குப் போடுங்க. சொந்தக் கணக்கா இருக்கட்டும்," என்றார் அண்ணாதுரை.

செம்மொழி எழுந்து நின்றாள். அம்சவல்லியின் கழுத்து தானாக நீண்டது. பெண் கரும்பலகைக்குப் போய்ப் பதினேழு என்று எழுதினாள். நான்கால் வகுத்தாள். ஈவு நான்கு என்று எழுதினாள். கீழே பதினாறைக் கழித்துக் கோடு போட்டாள். அடுத்து எழுத வேண்டிய இடத்தில் சாக்பீஸை வைத்தவள், நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். அந்தக் குறிப்பாணை யாருடைய சட்டைப் பையில் நனைந்து கிடக்கிறது என்று அவளுக்கும் தெரியும்.

"மீதி எழுதட்டுமா சார்?"

அண்ணாதுரையும் பின் வரிசையைத்தான் பார்த்தார். முகாமே பின் வரிசையைப் பார்த்தது.

பரிதி எழுந்தார். பையிலிருந்த ஈரக் காகிதத்தை எடுத்துச் சுருட்டிப் பக்கத்தில் இருந்த ஆட்டின் முன்னால் போட்டார். அது மோந்து பார்த்துவிட்டுத் தின்ன ஆரம்பித்தது.

"எழுதும்மா," என்றார். "நல்லா பெருசா எழுது. நான் இங்க இருக்கேன்னு எங்கயாச்சும் ஒரு எடத்துல இருக்கட்டும்."